நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தவர்: செட்டிநாட்டு ஊராட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்களே, இனிமேல் தலைவர்களாக வரப்போகிறவர்களே,

வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் சுற்றுவட்டாரத்து ஊராட்சிகளில் தலைவராக இருந்தவர்கள், அடுத்து நின்றால் என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். கிராம சபை என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனால் நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவேன். உங்களில் சிலர் என் வகுப்பில் படித்தவர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதவிக்கு வருவது எப்படி என்று சொல்லித்தர ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பதவியை விட்டுப் போவது எப்படி என்று சொல்லித்தர ஆளே இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டு 2025 ஜனவரியில் முடிந்தபோது சில ஊர்களில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அதற்கு நான் துணைக்கு அழைப்பது அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனை.

எங்கேயோ இருக்கிற அமெரிக்காவுக்கும் நம் ஊர் தொட்டித் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அவர் 1789-ல் பதவி ஏற்றபோது, அந்தப் பதவியில் அவருக்கு முன்னால் யாரும் இருந்ததில்லை. எதைச் செய்தாலும் அதுவே பின்னால் வருகிறவர்களுக்கு வழக்கமாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் நடக்காத தடத்தில் நடக்கிறேன் என்று 1790-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். உங்கள் நிலையும் அதற்கு ரொம்பத் தள்ளி இல்லை. ஊராட்சிகளைப் பற்றிய 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் ஊராட்சிச் சட்டம் 1994-ல் வந்தது. அதன்படி முதல் தேர்தல் 1996-ல். அதாவது இன்று நாம் பார்க்கிற ஊராட்சிக்கு வயது முப்பதுதான். ஊரின் முதல் பெண் தலைவர், முதல் பட்டியல் சாதித் தலைவர், முதல் பட்டதாரித் தலைவர் என்று உங்களில் பலர் இன்னும் முதல் ஆட்களாகவே இருக்கிறீர்கள். நீங்கள் செய்வது ஊர் வழக்கமாகிவிடும். நல்லதும் ஆகும், கெட்டதும் ஆகும்.

இன்னொன்று. வாஷிங்டன் ஆண்ட காலம் நமக்கு அந்நியமான காலமும் இல்லை. அமெரிக்க சுதந்திரப் போரில், யார்க்டவுனில் 1781-ல் அவரிடம் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி காரன்வாலிஸ்தான், ஐந்து வருஷத்தில் கவர்னர் ஜெனரலாக நம் நாட்டுக்கு வந்து இறங்கினார். வாஷிங்டன் பதவியை விட்டுப் போகிறேன் என்று அறிவித்தது 1796 செப்டம்பர். அதே ஆண்டு டிசம்பரில் சிவகங்கையில் வேலுநாச்சியார் மறைந்தார். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801-ல். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் பணம். வாஷிங்டனுக்கு நிலம் ஏராளம், கையில் ரொக்கம் கிடையாது. பதவி ஏற்க நியூயார்க்குக்குப் போகும் முன்பு, 1789 மார்ச்சில், உள்ளூர்க்காரர் ஒருவரிடம் வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். அதற்கு முன்பே, 1775-ல் அந்த சுதந்திரப் போருக்குப் படைத்தலைவராக நியமித்தபோது, எனக்குச் சம்பளம் வேண்டாம், ஆகிற செலவை மட்டும் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். எட்டு வருஷப் போர். அந்தச் செலவுகளைத் தன் கையாலேயே எழுதிவைத்து, போர் முடிந்ததும் கணக்குப் புத்தகத்தை அரசாங்கத்திடம் கொடுத்தார். யாரும் துரத்திக் கேட்டு வாங்கியதில்லை.

கணக்கு எழுதுவது நமக்குப் புதிதா? பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்றவர்களின் ஊர் இது. நாள் குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் போட்டு, கடல் தாண்டி இருந்த கடையின் கணக்கை இங்கே திண்ணையில் உட்கார்ந்து சரிபார்த்த பூமி. நகரத்தார் கோயில்களில் இன்றும் பாருங்கள். ஒருவர் முறை முடிந்து அடுத்த காரியக்காரர் வரும்போது வரவு செலவை வாசித்து, நகைகளைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, சாவியைக் கைமாற்றுகிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள் என்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டிலேயே உறவினரையும் சேர்த்துத் தள்ளிவைத்திருக்கிறார்கள். காரணம் இல்லாமலா?

ஆனால் ஊராட்சித் தேர்தலில் இப்போது கேட்கிற பேச்சு என்ன? “போட்ட காசை எடுக்கணும்ல?” இதை வெட்கமில்லாமல் டீக்கடையில் வைத்தே சொல்கிறார்கள், கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் சில ஊர்களில் தலைவர் பதவியையே ஏலம் விட்டதாக 2019 தேர்தலின்போது செய்திகள் வந்தன. கடன் வாங்கித் தேர்தலில் நிற்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். திருப்பிக் கட்ட உங்கள் சொந்த வருமானத்தில் வழி இல்லை என்றால் நிற்காதீர்கள். அந்தக் கடனைக் கடைசியில் கட்டப்போவது சாலையில் குறைந்துபோன ஜல்லிதான்.

அடுத்தது உறவு. இதுதான் நம் பக்கத்தில் பெரிய வியாதி.

வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் தம்பி பிள்ளைகள் உண்டு. அதில் புஷ்ராட் வாஷிங்டன் என்ற தம்பி மகன் வழக்கறிஞர், கெட்டிக்காரர். பெரியப்பா ஜனாதிபதி ஆனதும், வர்ஜீனியாவில் அரசு வழக்கறிஞர் பதவி கிடைக்குமா என்று 1789-ல் கடிதம் எழுதிக் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. உன்னைவிட அனுபவசாலிகள் இருக்கிறார்கள், என் ஒவ்வொரு நியமனத்தையும் ஆயிரம் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன, உறவினருக்குச் சலுகை காட்டினேன் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்பதுதான் பதிலின் சாரம். புஷ்ராட் லாயக்கில்லாதவர் அல்ல. பின்னால் அடுத்த ஜனாதிபதி காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே ஆனார். தகுதி இருந்த தம்பி மகனுக்கே இல்லை என்று சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊராட்சியில் வேலை என்று இருப்பதே கொஞ்சம்தான். தொட்டி ஆபரேட்டர், தூய்மைக் காவலர், நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். சம்பளமும் சொற்பம். அதில்கூடத் தலைவர் மச்சான், தலைவர் கொழுந்தியா, தலைவருக்கு வேண்டிய தெரு என்று ஆகிவிடுகிறது. சொந்தக்காரனுக்குக் கொடுத்தால் என்ன, அவனும் ஏழைதானே என்பார்கள். ஏழைதான். ஆனால் அவன் காலையில் மோட்டார் போடவில்லை என்றால் யார் அவனைக் கேட்பது? கேட்கிற வீட்டுக்குத்தான் தண்ணீர் பிறகு மெதுவாக வரும். பெரியப்பா பெரிய மனுஷனாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு வேலை போட்டுத்தராமல் இருந்தார் என்ற ஒன்றை மட்டும் இந்தக் கடிதத்திலிருந்து எடுத்துக்கொண்டீர்கள் என்றாலும் எனக்குப் போதும்.

பட்டத்தைப் பற்றி ஒரு வரி. அமெரிக்க மேலவையில் சிலர் புது ஜனாதிபதியை மேன்மைதங்கிய, சுதந்திரத்தின் காவலர் என்றெல்லாம் நீட்டி அழைக்கத் திட்டம் போட்டார்கள். கீழவை மறுத்தது. வெறும் ‘ஜனாதிபதி’யோடு வாஷிங்டன் திருப்தியாக இருந்தார். உங்கள் ஊர் முக்கில் பிளக்ஸ் வைக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், எதிராளியைக் கூட வைத்துக்கொள்வது. வாஷிங்டனின் அமைச்சரவையில் நிதியைப் பார்த்தவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன், வெளியுறவைப் பார்த்தவர் தாமஸ் ஜெஃபர்சன். இரண்டு பேருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. 1791-ல் தேசிய வங்கி ஒன்று தொடங்க ஹாமில்டன் கொண்டுவந்த மசோதா கையெழுத்துக்கு வந்தது. வாஷிங்டன் உடனே போடவில்லை. ஜெஃபர்சனிடமும் தலைமை வழக்கறிஞர் ராண்டால்ஃபிடமும் எழுத்தில் கருத்துக் கேட்டார். இருவரும் கூடாது என்று எழுதினார்கள். அந்தத் தாள்களை அப்படியே ஹாமில்டனிடம் கொடுத்து, இதற்கு உன் பதில் என்ன என்றார். அவர் நீண்ட பதில் எழுதினார். அதையும் படித்துவிட்டு, பிப்ரவரி 25 அன்று கையெழுத்திட்டார். வேண்டாம் என்றவர்களை வெளியே அனுப்பவில்லை. மறுவருஷம் சண்டை முற்றியபோது இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, விட்டுக்கொடுத்துப் போகும்படி கேட்டுக்கொண்டார். அதே வருஷம் அவர் ஓய்வு பெறுகிறேன் என்றபோது, போகாதீர்கள் என்று அந்த இரண்டு பேருமே மன்றாடினார்கள்.

உங்கள் ஊராட்சி மன்றக் கூட்டத்தை இதோடு வைத்துப் பாருங்கள். எதிர்த்து நின்ற தரப்பு வார்டு மெம்பருக்கு அழைப்பாணை போவதே கூட்டம் முடிந்த பிறகு. தீர்மானப் புத்தகம் வீடு தேடி வருகிறது, “போடுங்கண்ணே, எல்லாம் வழக்கமானதுதான்” என்கிறார்கள், படிக்காமல் கையெழுத்து விழுகிறது. துணைத் தலைவர் வேறு கட்சி என்றால் நிலைமை இன்னும் மோசம். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று சட்டம் வைத்திருப்பது இரண்டு கண் பார்க்கட்டும் என்றுதான். நடப்பதோ, ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் பணயம் வைப்பது. இருவரும் ஒரு தாளில் ‘இந்த வேலை ஏன் வேண்டும்’, ‘ஏன் வேண்டாம்’ என்று நாலு வரி எழுதி மன்றத்தில் வாசித்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். பத்து பைசா செலவில்லாத காரியம்.

ஊரைச் சுற்றிப் பார்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 1789-ல் வடக்கு மாநிலங்களுக்கும் 1791-ல் தெற்கு மாநிலங்களுக்கும், அந்தக் காலத்துப் பாதைகளில், வாஷிங்டன் தானே பயணம் போனார். வழியில் இருந்த செல்வந்தர்கள் எங்கள் வீட்டில் தங்குங்கள் என்று அழைத்தும் பொதுச் சத்திரங்களில்தான் தங்குவேன் என்று வைத்துக்கொண்டார். ஒருவர் வீட்டில் இறங்கினால் அடுத்தவருக்கு மனம் சங்கடப்படும். நம் ஊரில் தலைவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார் என்பதை ஊரே கவனிக்கும். கண்மாய்க் கரைக்கும் ஊருணிப் படித்துறைக்கும் காலனிக் குழாயடிக்கும் காலை ஆறு மணிக்கு ஒரு நடை போனால் எல்லாத் திண்ணைகளும் ஒன்றுதான்.

பெண் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்கு வாஷிங்டனிடம் பாடம் எதுவும் இல்லை. அவர் காலத்தில் அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமையே அரிது. 2016-ல் நம் மாநிலத்தில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் திருத்தப்பட்டது. பாதி இடத்தில் பெண்கள் வந்தார்கள். ஆனால் யூனியன் ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவர்களுடைய கணவர்கள். பெண்ணே, உன் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று முதலில் பார். அது உன் பையில் இல்லை என்றால், நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும்போது பதில் சொல்ல நிற்கப்போவது நீ. என் மாணவி ஒருத்திக்கு அப்படி ஆனது. எங்கே போட்டோம் என்றே தெரியாத கையெழுத்துக்காக அவள் அலைந்ததைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

இனி வாஷிங்டனின் கறையைப் பற்றி. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் நான் வரலாறு சொல்லிக்கொடுத்ததற்கு அர்த்தமில்லை.

அவர் அடிமைகளை வைத்திருந்தார். பதினொரு வயதில் அப்பா இறந்தபோதே சொத்தோடு சொத்தாக மனிதர்களும் அவருக்கு வந்தார்கள். அப்போதைய தலைநகர் பிலடெல்பியாவில் இருந்தபோது, பென்சில்வேனியச் சட்டப்படி ஆறு மாதம் தொடர்ந்து அங்கே இருக்கும் அடிமை விடுதலை கேட்கலாம். அதைத் தவிர்க்க, ஆறு மாதம் முடியும் முன்பே அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பி அனுப்பி அழைத்துக்கொண்டார் சுதந்திரப் போரை நடத்திய இந்த மனிதர். 1796 மே மாதம், வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் அந்த வீட்டிலிருந்து வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டாள். அவளைத் திரும்பப் பிடித்துவர ஜனாதிபதி ஆள் அனுப்பினார். அவள் வரவில்லை. வறுமையில் வாழ்ந்து, 1848-ல் இறக்கும்வரை சுதந்திரமாகவே இருந்தாள். வாஷிங்டன் தன் உயிலில், தனக்கு உரிமையான 123 பேரை, மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுதலை செய்யும்படி எழுதினார். 1799-ல் அவர் இறந்தார். மனைவி மார்த்தா காத்திருக்காமல் 1801 ஜனவரி முதல் தேதி அவர்களை விடுவித்தார். உயிலில் தோன்றிய நியாயம், உயிரோடு அதிகாரத்தில் இருந்தபோது தோன்றவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். பட்டியல் சாதித் தலைவரை நாற்காலியில் உட்காரவிடாமல் தரையில் உட்கார வைத்ததும், ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற விடாமல் தடுத்ததும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. நமக்குப் பக்கத்தில், மேலூர் வட்டாரத்தில் மேலவளவு இருக்கிறது. 1996 தேர்தலில் அந்த ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்பையும் மிரட்டலையும் மீறி முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும்போது மறித்து, அவரையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தலைவராக இருந்ததைத் தவிர அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. அவர் உங்கள் முன்னோடி. மதுரைப் பக்கம் போகும்போது அந்த ஊரில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். உங்கள் ஊராட்சியில் நாற்காலிகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, காலனிக்கும் ஊருக்கும் தண்ணீர் ஒரே நேரம் திறக்கப்படுகிறதா என்று பாருங்கள். அதிகாரத்தில் இருக்கும்போதே பாருங்கள்.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன்.

1783-ல் போர் முடியும் தறுவாய். படை அதிகாரிகளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. நியூபர்க் முகாமில், காங்கிரஸ் என்ற நாட்டு மன்றத்தை மிரட்டிப் பணிய வைப்போம் என்ற பேச்சு ஓடியது. மார்ச் 15 அன்று வாஷிங்டன் அவர்கள் கூடியிருந்த கூடத்துக்குள் நுழைந்தார். தயாரித்து வந்த உரையைப் படித்தார், யாரும் அசையவில்லை. பிறகு ஒரு கடிதத்தைப் படித்துக்காட்ட எடுத்தார். எழுத்து தெரியவில்லை. பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அவர் கண்ணாடி போடுவார் என்பதே பலருக்குத் தெரியாது. உங்களுக்காக உழைத்து நரைத்துப்போனேன், இப்போது கண்ணும் மங்குகிறது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். அதிகாரிகள் கண்ணீர் விட்டார்கள். கலகப் பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த நாளில் அவர் தலையசைத்திருந்தால் படையே அவர் பின்னால் போயிருக்கும்.

அதே வருஷம் டிசம்பர் 23, அன்னாபொலிஸ். நாட்டு மன்றம் கூடியிருந்தது. உறுப்பினர்கள் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். வாஷிங்டன் எழுந்து அவர்களுக்குக் குனிந்து வணங்கினார். தாளைப் பிடித்திருந்த கை நடுங்கியது, இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு வாசித்தார் என்று பார்த்தவர் எழுதியிருக்கிறார். வாசித்து முடித்து, தன்னைப் படைத்தலைவராக நியமித்த பத்திரத்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட அவைத் தலைவர் தாமஸ் மிஃப்லின், ஒருகாலத்தில் அவரைக் குறைசொன்ன கூட்டத்தில் இருந்தவர்! அவர் கையில்தான் கொடுத்தார். மறுநாள் மவுண்ட் வெர்னான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஜனாதிபதியாக இரண்டு தடவை இருந்த பிறகும் அதையே செய்தார். மூன்றாவது தடவையும் நிற்கிறேன் என்றிருந்தால் பெரிதாக எதிர்ப்பு இருந்திருக்காது, சட்டமும் தடுக்கவில்லை. 1796 செப்டம்பர் 19 அன்று பிலடெல்பியா செய்தித்தாள் ஒன்றில் ஒரு கடிதம் வெளியிட்டு விடைபெற்றார். கட்சி வெறி நாட்டைப் பிளந்துவிடும் என்று அதில் எச்சரித்தார். நான் அறியாமல் பல பிழைகள் செய்திருக்கக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டார். 1797 மார்ச் 4 அன்று ஜான் ஆடம்ஸ் பதவி ஏற்றார். கூடத்தை விட்டுக் கிளம்பும்போது புது ஜனாதிபதியையும் புதுத் துணை ஜனாதிபதியான ஜெஃபர்சனையும் முன்னே போகவிட்டு வாஷிங்டன் பின்னால் நடந்தார். ஜெஃபர்சன் தயங்கியும், நீங்கள்தான் முன்னே போக வேண்டும் என்று சைகை காட்டினார். இரண்டு தடவைக்கு மேல் இல்லை என்ற அவருடைய வழக்கம், சட்டம் எதுவும் இல்லாமலே, 1940 வரை அந்த நாட்டைக் கட்டிப்போட்டது. சட்டமாக ஆனது 1951-ல்தான்.

எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நடந்ததை இதோடு சேர்த்துப் படியுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். தேர்தலில் தலைவர் மாறினார். தோற்றவர் பதவியேற்புக்கு வரவில்லை. சொத்துப் பதிவேடு அவர் வீட்டில். குடிநீர் இணைப்புப் பதிவேடு யாரிடம் என்றே தெரியவில்லை. மோட்டார் ரூம் சாவி அவருடைய தம்பியிடம், தம்பிதான் தொட்டி ஆபரேட்டர். சாவியைக் கேட்டுப் போனவர்களிடம், “புது பிரசிடெண்டு வந்து கேட்கட்டும்” என்றார். புதுத் தலைவருக்கு அங்கே போய்க் கேட்கக் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. இரண்டு பேர் கௌரவத்துக்கும் நடுவில், பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஊருணிக்கு நடந்தார்கள். நகரத்தார் வீட்டுக் காவல்காரர்கள் தங்கள் கிணற்றைத் திறந்துவிட்டார்கள். கடைசியில் கடப்பாரையால் பூட்டை உடைத்து மோட்டார் போட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்டார்ட்டர் பெட்டியில் இரண்டு ஒயர் துண்டாகத் தொங்கியது. ஐந்து வருஷம் அந்த மனிதர் ஊருக்கு நல்லது செய்தவர்தான். கண்மாய்க் கலுங்கு கட்டியது அவர்தான். இன்று அவரைப் பற்றி ஊர் பேசுவது அந்த ஒயரை மட்டும்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. பதவி ஏற்கிற அன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். ஊராட்சிக்கு என்னென்ன சொத்து, எத்தனை மோட்டார், எத்தனை தெருவிளக்கு, எந்த வேலைக்கு எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தச் சாவி யாரிடம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு கிராம சபையிலும் அதை ஊர் முன்னால் வாசியுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் அரசாங்கமே குறித்துக் கொடுத்திருக்கிறது. கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து நோட்டைச் சுற்றவிடாதீர்கள். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வரிசையில் உட்கார வைத்துக் கூட்டம் சேர்ந்ததாகக் காட்டாதீர்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கும் அந்த நோட்டைப் படமெடுத்து அனுப்புங்கள். பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கு வரி கட்டுகிறவர்கள் அவர்கள்தான், கேட்க உரிமை உண்டு.

உங்கள் காலம் முடிந்ததும், ஒதுக்கீடு மாறினால் மனைவியையோ மருமகளையோ நிறுத்தி உள்ளேயிருந்து ஆளலாம் என்ற யோசனையை விடுங்கள். ஜெயித்தவர் உங்கள் பரம எதிரியாக இருந்தாலும், பதவியேற்புக்குப் போய் அந்த நோட்டையும் சாவிக் கொத்தையும் அவர் கையில் கொடுங்கள். ஏற்கெனவே இருந்தவர்களில் இன்னும் கொடுக்காதவர்கள் இருந்தால், தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சியைப் பார்த்துக்கொள்கிற தனி அலுவலரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ இந்த வாரமே கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த கிராம சபையில் எழுந்து, அந்த நோட்டு எங்கே என்று நான் கேட்பேன். என் பழைய மாணவர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அவரவர் ஊரில் அவர்களும் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருத்தி,
சிவகங்கை மாவட்டம்.